நாகம்மையார்

நாகம்மையார் (1885 – மே 11, 1933) தமிழ்நாட்டைச் சேர்ந்த சமூகப் போராளி. பெரியார் என அறியப்படும் ஈ. வெ. இராமசாமியின் முதல் மனைவி ஆவார். 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலிலும் 1924இல் வைக்கம் சத்தியாகிரகத்திலும் பங்கெடுத்தார். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலப் பெண் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். பெரியார் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டிருந்த காலத்தில் குடிஅரசு இதழின் பொறுப்பை ஏற்று, சுயமரியாதைத் திருமணங்களையும் நடத்தி வைத்தார்.

இவரது வாழ்க்கை இன்னொரு காரணத்தாலும் கவனிக்கப்படுகிறது. மணமான தொடக்க ஆண்டுகளில் இவரது உணவு, நோன்பு, கோயில் வழிபாடு, தாலி ஆகிய அனைத்திலும் கணவரின் விருப்பமே மேலோங்கியது. பெண் விடுதலையைத் தமிழகத்தில் மிகத் தீவிரமாகப் பேசியவர் அக்கணவரே. இவர் மறைந்தபோது, தாம் பிறருக்குப் போதித்ததைத் தம் வீட்டில் கடைப்பிடிக்கவில்லை என்று அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்.

பிறப்பும் இளமையும்

நாகம்மையார் 1885இல் சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் பிறந்தார். தந்தை ரங்கசாமி நாயக்கர், தாய் பொன்னுத்தாயி அம்மாள். இவர்களது குடும்பம் வசதி குறைந்தது. அக்காலத்துப் பெண் குழந்தைகள் பலரையும் போல இவரும் முறையான பள்ளிக் கல்வி பெறவில்லை.

ஈரோட்டில் செல்வ வளம் மிக்க வணிகராக இருந்த வெங்கட்ட நாயக்கரின் குடும்பத்திற்கும் நாகம்மையாரின் பெற்றோருக்கும் உறவு உண்டு. வெங்கட்ட நாயக்கர், சின்னத்தாயம்மாள் ஆகியோரின் இளைய மகனான இராமசாமியையே மணக்க வேண்டும் என்று நாகம்மையார் சிறு வயதிலேயே உறுதி கொண்டிருந்தார். வசதிக் குறைவு காரணமாக இவரது பெற்றோர் வேறு ஒருவருக்கு, வயதில் மிகவும் மூத்தவருக்கு, இவரை மணம் முடிக்க எண்ணினர். அதற்கு உடன்படாமல், வற்புறுத்தினால் உயிரை விட்டுவிடுவதாக இவர் கூறியதாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன. மறுபுறம், செல்வக் குடும்பத்தில் பெண் எடுக்க விரும்பிய தம் பெற்றோரிடம், நாகம்மையாரைத் தவிர வேறு எவரையும் மணக்க இயலாது என்று இராமசாமியும் பிடிவாதமாக நின்றார். இருவரின் உறுதியும் வென்றது. 1898இல் திருமணம் நடந்தது. அப்போது நாகம்மையாருக்கு வயது 13, இராமசாமிக்கு வயது 19.

பெற்றோர் பார்த்து முடிவு செய்வதே வழக்கமாக இருந்த அக்காலத்தில், மணமக்கள் இருவரும் தாமே விரும்பி மணந்துகொண்டது அரிதான நிகழ்வாகும்.

இல்லறத்தின் தொடக்க ஆண்டுகள்

வெங்கட்ட நாயக்கரின் வீடு வைணவ ஆசாரத்தில் தோய்ந்த வீடு. மாமியார் சின்னத்தாயம்மாள் நோன்புகளையும் தூய்மை விதிகளையும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர். மருமகளும் அவ்வழியில் நடக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். கணவர் இராமசாமியோ ஆசாரங்களை எள்ளி நகையாடியவர், இறைச்சி உண்பவர், எல்லாச் சாதியினருடனும் அமர்ந்து உண்பவர். இவ்விருவருக்கும் இடையில் சிறு வயது மருமகளாக நாகம்மையார் வாழ வேண்டியிருந்தது. கணவருக்கு இறைச்சி சமைத்துக் கொடுத்த பின் குளித்துத் தூய்மை செய்துகொண்டே மாமியாரின் சமையலறைக்குள் நுழைய வேண்டும் என்ற நிலை இருந்தது.

மனைவியின் பக்தியை மாற்ற இராமசாமி மேற்கொண்ட முயற்சிகள் பலவற்றை, சாமி சிதம்பரனார் எழுதிய தமிழர் தலைவர் என்னும் வாழ்க்கை வரலாற்று நூலும் அதன் பின் வந்த நூல்களும் பதிவு செய்துள்ளன. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை மூன்று.

முதலாவது நோன்பு பற்றியது. நாகம்மையார் நோன்பிருந்த நாட்களில் இறைச்சி சமைக்குமாறு இராமசாமி கூறுவார். நோன்புச் சோற்றில் எலும்புத் துண்டை மறைத்து வைத்து நோன்பைக் கலைத்து விடுவதும் உண்டு. இது பலமுறை நிகழவே நோன்புப் பழக்கம் படிப்படியாக நின்று போயிற்று.

இரண்டாவது கோயில் பற்றியது. திருவிழா ஒன்றிற்கு நாகம்மையார் தோழிகளுடன் சென்றிருந்தார். இராமசாமி தம் நண்பர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார். ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் தேவதாசி என்று அவர்களிடம் மனைவியைத் தொலைவிலிருந்து காட்டினார். நண்பர்கள் அவரைச் சூழ்ந்து நின்று கேலி செய்தனர். அஞ்சி நடுங்கிய நாகம்மையார், கூட்டத்தில் கணவரும் இருப்பதைப் பின்னரே கண்டுகொண்டார். அதன் பின் இவர் கோயிலுக்குச் செல்வதை விட்டுவிட்டார்.

மூன்றாவது தாலி பற்றியது. தாலி அடிமைத்தனத்தின் அடையாளம் என்று வாதிட்டு, அதைக் கழற்றித் தருமாறு ஓர் இரவில் இராமசாமி மனைவியை இசையச் செய்தார். மறுநாள் அதைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே சென்றுவிட்டார். வெறுங்கழுத்தைக் கண்டு உறவினர் திகைத்தனர். கணவர் ஊரில் இருக்கும்போது தாலி தேவையில்லை என்று நாகம்மையார் விடையளித்து அவர்களைச் சமாளித்தார்.

இந்நிகழ்ச்சிகள் பல நூல்களில் நகைச்சுவையாகவும் பகுத்தறிவுப் பாடமாகவுமே சொல்லப்படுகின்றன. எனினும் மூன்றிலும் மனைவியின் நம்பிக்கை மாறிய முறை ஒன்றுதான். விவாதித்து ஒப்புக்கொள்ளச் செய்வதைக் காட்டிலும் அச்சம், நாணம், சங்கடம் ஆகியவற்றைக் கொண்டே அம்மாற்றம் நிகழ்த்தப்பட்டது. தாலி நிகழ்ச்சியில் மட்டும் முதலில் வாதம் இருந்தது. ஆனால் அதன் விளைவை உறவினர் முன் தனியாகத் தாங்கியவர் நாகம்மையாரே.

இளமையில் இராமசாமி இரவு நேரங்களில் நண்பர்களுடன் காவிரி மணலில் விருந்துகளில் ஈடுபட்டதுண்டு. அவ்விருந்துகளுக்கான உணவை மாமனார் மாமியார் அறியாமல் சமைத்து அனுப்பியவர் நாகம்மையார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இவர்களுக்குப் பெண் குழந்தை ஒன்று பிறந்து ஐந்து மாதங்களில் இறந்தது. அதன் பின் குழந்தைகள் இல்லை. 1904ஆம் ஆண்டளவில் தந்தையுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் இராமசாமி வீட்டை விட்டு வெளியேறிக் காசிக்குச் சென்றார். அங்கே பசியால் துன்புற்று, பின் ஆந்திரப் பகுதியிலுள்ள எல்லூரில் நண்பர் ஒருவரது வீட்டில் தங்கியிருந்தார். தந்தை தேடிச் சென்று அவரை அழைத்து வந்தார். குழந்தையை இழந்திருந்த நாகம்மையார், கணவர் இருக்குமிடம் தெரியாத நிலையில் அக்காலத்தைப் புகுந்த வீட்டில் கழித்தார்.

பொது வாழ்வு

1919இல் இராமசாமி ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியைத் துறந்து இந்திய தேசியக் காங்கிரசில் இணைந்தார். அதனோடு நாகம்மையாரின் பொது வாழ்வும் தொடங்கியது. பட்டாடைகளைத் துறந்து கதர் அணிந்தார். ஈரோட்டு இல்லத்திற்கு நாள்தோறும் வந்த தொண்டர்களுக்குச் சாதி வேறுபாடு பாராமல் உணவளித்தார். இவரது விருந்தோம்பலை அக்காலத் தலைவர்கள் பலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

கள்ளுக்கடை மறியல்

காந்தியின் மதுவிலக்குத் திட்டத்தை ஏற்று, இராமசாமி தாதம்பட்டியில் இருந்த தம் தோப்பில் கள் இறக்க உதவிய 500 தென்னை மரங்களை வெட்டச் செய்தார். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. இராமசாமி கைது செய்யப்பட்டபின், நாகம்மையாரும் இராமசாமியின் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டி மறியலைத் தொடர்ந்தனர். தடையுத்தரவை மீறி இவர்கள் களத்தில் இறங்கியதால், பெருங்கலவரம் மூளும் என்று அஞ்சிய அதிகாரிகள் தடையை விலக்கிக்கொண்டனர்.

1922 தொடக்கத்தில் பம்பாயில் நடந்த சமரச முயற்சியின்போது மறியலை நிறுத்துமாறு காந்தியிடம் கேட்கப்பட்டது. அது தம் கையில் இல்லை என்றும், ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்றும் அவர் தெரிவித்ததாகப் பெரியாரின் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கோயில் திருவிழாக் கூட்டத்தில் அஞ்சி நடுங்கிய பெண், சுமார் இருபது ஆண்டுகளில் அரசின் தடையுத்தரவை எதிர்கொள்ளும் தலைவராக வளர்ந்திருந்தார்.

வைக்கம் சத்தியாகிரகம்

திருவிதாங்கூர் அரசில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் ஈழவர், புலையர் முதலியோர் நடக்கத் தடை இருந்தது. அதை எதிர்த்து 1924 மார்ச் 30இல் சத்தியாகிரகம் தொடங்கியது. கேரளத் தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில் அழைப்பு வரவே இராமசாமி அங்கு சென்றார். அவர் இருமுறை சிறைத் தண்டனை பெற்றார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் வைக்கம் சென்று போராட்டத்தில் கலந்துகொண்டனர். பெண்களிடையே பிரசாரம் செய்து ஆதரவு திரட்டினர். 1925 நவம்பரில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் பெரும்பகுதி அனைவருக்கும் திறக்கப்பட்டுப் போராட்டம் முடிவுக்கு வந்தது.

சுயமரியாதை இயக்கமும் செங்கல்பட்டு மாநாடும்

1925 மே 2இல் குடிஅரசு வார இதழ் ஈரோட்டில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இராமசாமி காங்கிரசிலிருந்து விலகினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தபோது நாகம்மையார் அதன் முன்னணித் தொண்டர்களுள் ஒருவராக இருந்தார்.

இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கல்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடைபெற்றது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையை உள்ளடக்கிய மாவட்டத்தின் முக்கிய நகரம். 2019இல் உருவான புதிய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைநகரம். சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானத்திற்காக இம்மாநாடு பெரிதும் பேசப்பட்டாலும், பெண்கள் தொடர்பான அதன் தீர்மானங்களும் அதே அளவு முக்கியமானவை. அவை கீழ்க்கண்டவற்றை வலியுறுத்தின:

* பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வழங்குதல்
* பெண்களின் திருமண வயதை 16க்கு மேல் உயர்த்துதல்
* ஒத்துவராத மணவாழ்க்கையிலிருந்து விலகிக்கொள்ள மனைவிக்கும் கணவனுக்கும் உரிமை அளித்தல்
* கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள உரிமை அளித்தல்
* சாதி, மத வேறுபாடின்றி விரும்பியவரை மணக்க ஆண் பெண் இருவருக்கும் உரிமை அளித்தல்
* பெண்கள் எத்தொழிலையும் மேற்கொள்ள உரிமை அளித்தல், தொடக்கப் பள்ளிகளில் பெண்களை ஆசிரியர்களாக அமர்த்துதல்

இத்தீர்மானங்களை நாகம்மையாரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. இவர் மணந்தது 13ஆம் வயதில். இது தீர்மானம் கோரிய வயதை விட மூன்று ஆண்டுகளேனும் குறைவு. இவர் மணந்த காலத்தில் இந்து மனைவிக்கு மணவிலக்குக் கோரச் சட்டத்தில் இடமில்லை. கணவர் காசிக்குச் சென்றபோது, புகுந்த வீட்டாரின் ஆதரவைத் தவிர இவருக்கெனத் தனிச் சொத்துரிமை எதுவும் இல்லை. விலகிச் செல்லும் வழி ஒருவருக்கு மட்டுமே திறந்திருக்கும் உறவில், அன்பு இருந்தாலும் அதிகாரம் ஒரு பக்கமே குவியும். செங்கல்பட்டுத் தீர்மானங்கள் இந்நிலையையே மாற்ற முனைந்தன.

இவற்றுள் பல பின்னர் சட்டமாயின. மாநாடு நடந்த அதே ஆண்டில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 ஆக்கியது. மணவிலக்கு உரிமை 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் மூலம் நாடு முழுவதும் கிடைத்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் திருத்தம் 1967இல் சி. என். அண்ணாதுரை ஆட்சியில் நிறைவேறியது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதற்குமாக 2005இலும் சட்டமானது.

1929 டிசம்பரில் இராமசாமி மலாயாவிற்குப் பயணம் செய்தபோது நாகம்மையாரும் உடன் சென்று அங்குள்ள தமிழர்களைச் சந்தித்தார்.

இதழும் திருமணங்களும்

1931 டிசம்பரில் இராமசாமி ஐரோப்பாவிற்கும் சோவியத் ஒன்றியத்திற்கும் புறப்பட்டார். 1932 நவம்பரிலேயே திரும்பினார். ஏறத்தாழ ஓராண்டு நீடித்த இப்பிரிவில் குடிஅரசு இதழ் தடையின்றி வெளிவர நாகம்மையார் பொறுப்பேற்றார். இயக்கத் தொண்டர்களை ஒருங்கிணைத்தார். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தாமே தலைமை தாங்கி நடத்தி வைத்தார். ஒரு பெண் தலைமையேற்றுத் திருமணம் நடத்துவது அக்காலத்தில் பெரும் புதுமை. கணவர் அருகில் இல்லாத காலத்திலேயே இவரது தனித்த ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது.

மறைவு

நாகம்மையார் 1933 மே 11 அன்று ஈரோட்டில் காலமானார். அப்போது இவருக்கு வயது 48. யாரும் அழக்கூடாது, சடங்குகள் செய்யக்கூடாது என்று இராமசாமி அறிவுறுத்தினார். மறுநாளே திருச்சிக்குச் சென்ற அவர், தடையுத்தரவை மீறிக் கிறித்தவத் திருமணம் ஒன்றை நடத்தி வைத்துக் கைதானார்.

1933 மே 14ஆம் நாள் குடிஅரசு இதழில் அவர் எழுதிய இரங்கல் கட்டுரை, தமிழில் கணவர் ஒருவர் மனைவியைப் பற்றி எழுதியவற்றுள் தனித்தன்மை உடையது. மனைவி தமக்கு வாழ்க்கைத் துணையாக இருந்தது உண்மை என்றும், தாம் அவருக்குத் துணையாக இருந்ததாகச் சொல்ல முடியவில்லை என்றும் அதில் அவர் ஒப்புக்கொண்டார். பெண்ணுரிமை குறித்துப் பிறருக்குக் கூறியவற்றுள் மிகச் சிறிய பகுதியைக்கூடத் தம் மனைவியிடம் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்றும் எழுதினார். தாம் இழந்தவற்றை வரிசைப்படுத்தியபோது ஆதரவு, இன்பம், ஊக்கம் ஆகியவற்றோடு மனைவியை அடிமைக்கு ஒப்பிடும் சொல்லையும் அவர் தவிர்க்கவில்லை. அதே கட்டுரையில், குடும்பக் கவலை நீங்கியதால் பொதுத்தொண்டில் மேலும் ஈடுபட முடியும் என்ற ஆறுதலையும் வெளியிட்டார். குற்ற உணர்வு, துயரம், விடுதலை உணர்வு ஆகிய மூன்றும் ஒரே கட்டுரையில் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவர்.

நாகம்மையார் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய வரலாறு இல்லை. எனவே நோன்பு, கோயில், தாலி நிகழ்ச்சிகள் இவருக்கு எவ்வாறு இருந்தன என்பதைக் கணவரின் எழுத்து வழியாகவும் அவரைப் போற்றியோரின் நூல்கள் வழியாகவுமே அறிய வேண்டியுள்ளது.

பிற்கால நோக்கு

உறவில் ஒருவர் மற்றவரின் உணவு, உடை, நட்பு, வழிபாடு, பணம் ஆகியவற்றைத் தம் விருப்பப்படி அமைப்பதை இன்றைய உளவியலும் சட்டமும் கட்டுப்படுத்தும் நடத்தை என்று வகைப்படுத்துகின்றன. அடிப்பதோ வசைபாடுவதோ இன்றியும் இது நிகழலாம். கேலி, பிறர் முன் சங்கடப்படுத்துதல், தோழமையிலிருந்து பிரித்தல் முதலியன இதன் வழிகள். நல்ல நோக்கத்திற்காகச் செய்யப்பட்டாலும், எதிர்த்து மறுக்கும் உரிமை மற்றவருக்கு இல்லாதபோது விளைவு ஒன்றுதான். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்வழித் துன்புறுத்தலோடு இழிவுபடுத்துதல், ஏளனம் செய்தல், குழந்தையின்மையைச் சுட்டி அவமதித்தல் ஆகியவற்றையும் பொருளியல் வழித் துன்புறுத்தலையும் வன்முறையாகக் கருதுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நெருங்கிய உறவில் கட்டுப்படுத்தும் நடத்தை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது.

இத்தகைய நடத்தை மனநலக் குறைபாட்டின் அடையாளம் என்ற கருத்து பொதுவாக நிலவுகிறது. எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உடையவர்களிடம், கைவிடப்படுவோமோ என்ற கடும் அச்சத்தால் உறவுகளில் கொந்தளிப்பு ஏற்படலாம். அது சிகிச்சையால் பெரிதும் சீரடையக்கூடிய நிலை. அக்கோளாறு உடையோர் அனைவரும் பிறரைக் கட்டுப்படுத்துவோர் அல்லர். பிறரைக் கட்டுப்படுத்துவோருள் பலருக்கு எந்த நோயும் இல்லை. குடும்ப வழக்கமும் சட்டமும் ஒருவருக்கு மட்டும் அதிகாரம் அளிப்பதே அதற்குப் போதுமானது. நாகம்மையாரின் இல்லறம் இந்த இரண்டாம் வகைக்குச் சான்றாக அமைகிறது. தனி மனிதரின் நற்பண்பை மட்டும் நம்பாமல் உரிமைகளைச் சட்டமாக்க வேண்டும் என்ற செங்கல்பட்டு மாநாட்டின் கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பதும் இதுவே.

நினைவேந்தல்

திருச்சிராப்பள்ளியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக இயங்கும் நாகம்மையார் குழந்தைகள் இல்லம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. வசதி குறைந்த குடும்பத்துப் பெண்கள் பட்டப்படிப்பைக் கட்டணமின்றிப் பயில வழிசெய்யும் தமிழ்நாடு அரசின் கல்வித் திட்டத்திற்கும் ஈ.வெ.ரா. நாகம்மையார் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லாமல் போன ஒருவரின் பெயரால் பெண்கள் கல்லூரியில் பயில்கின்றனர்.